அப்பாவின் இலையில் இடது பாதி

ஆடி அமாவாசை அன்று மதியம் அப்பாவுக்கு இலை போட்டோம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் இலையில் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை, அதுவரை கிண்ணத்தில் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நுனி இடப்பக்கம் வரும்படி இலையை விரித்து, அம்மா வழக்கம்போல் நுனியில் உப்பு, மாங்காய் ஊறுகாய், அப்புறம் வாழைக்காய்ப் பொரியல், கூட்டு என்று வலப்பக்கமாகப் பரிமாறிக்கொண்டே வந்தாள். அப்பா அமைதியாகச் சாப்பிட்டார். சோற்றுக் குவியலில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, நிமிர்ந்து, "ஊறுகாய் வைக்க மறந்துட்டியா? இன்னும் கொஞ்சம் சாதமும் போடு" என்றார்.

"அங்கதான இருக்கு, நல்லா பாருங்க" என்றாள் அம்மா.

பார்த்தார். உண்மையிலேயே குனிந்து, இலையைப் பார்த்தார். "வைக்கவே இல்லையே" என்றார்.

அம்மாவின் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரி அடுக்களையில் வைத்து என்னிடம், "வேணும்னே பண்றாரோன்னு தோணுது, கண்ணு நல்லாத்தான இருக்கு" என்றாள். கண் நல்லாத்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, அதற்குப் பிறகு செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுவார். அதைவிட முக்கியம், அவர் 30 வருடம் ஆர்எம்எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். ஓடுகிற ரயிலின் தபால் பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு, கடிதத்தின் மேல் இருக்கும் 6 இலக்கப் பின்கோடை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரியான அறையில் வீசுகிற வேலை. கவனம் என்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர். அவரைப் பார்த்து வீட்டில் எல்லாரும், நான் உட்பட, "கவனமா பாருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் செய்துகாட்டிய ஒரு சின்னப் பரிசோதனைதான் என்னை யோசிக்க வைத்தது. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் இரு பக்கமும் விரித்துக்கொண்டார். அப்பாவின் வலப்பக்கம் இருந்த விரலை ஆட்டினார், "தெரியுது" என்றார் அப்பா. இடப்பக்க விரலை ஆட்டினார், கொஞ்சம் தாமதித்து, "ம், தெரியுது" என்றார். அப்புறம் இரண்டு விரல்களையும் ஒரே நேரத்தில் ஆட்டினார். "வலது பக்கம் மட்டும்தான் ஆடுது." மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் அதேதான். தனியாக வந்தால் தெரிகிற இடது விரல், வலது விரல் கூட வந்தால் காணாமல் போய்விடுகிறது. மூளையின் வலது பாதியில் அடி, அதனால் இடது பக்கத்தின் மேல் கவனம் போகாது, இதற்கு நெக்லெக்ட் என்று பெயர், பார்வை போகவில்லை என்றார் டாக்டர்.

நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணிலிருந்து பார்வை நரம்பு, அங்கிருந்து மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ், அங்கிருந்து பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணி, அவ்வளவுதான், படம் முடிந்தது என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அதில் கவனம் என்பதற்கு இடமே கிடையாது. படம் தயாராகிவிடும், அதற்குப் பிறகு யாரோ உள்ளே உட்கார்ந்து அதில் வேண்டியதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது போலத்தான் என் மனதில் இருந்தது. அப்பாவின் இலையை அந்தப் படத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரவில்லை. கண் சரி, நரம்பு சரி, பின்மண்டை சரி. அப்புறம் ஊறுகாய் எங்கே தொலைகிறது? இந்தக் கேள்வியோடுதான் இரண்டு மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கரும்பலகைப் படம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1959-இல் பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையை இறக்கி, ஒவ்வொரு நியூரானும், அதாவது நரம்புச் செல்லும், பார்வை வெளியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் கவனித்துக்கொள்கிறது, அந்த இடத்தில் குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு வந்தால் படபடவென்று துடிக்கிறது என்று காட்டினார்கள். 1981-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். மகத்தான வேலை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பூனைகள் மயக்க மருந்தில் இருந்தன! கவனிக்க அங்கே யாருமே விழித்திருக்கவில்லை. விழித்திருக்கும், ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும் விலங்கின் நியூரானைக் கேட்கும் வித்தையை அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ராபர்ட் வுர்ட்ஸ் போன்றவர்கள் 1960-களின் கடைசியில்தான் குரங்குகளில் கொண்டுவந்தார்கள்.

அதே பெதஸ்டாவில், ஜெஃப்ரி மோரன், ராபர்ட் டெசிமோன் இருவரும் 1985-இல் வெளியிட்ட சோதனையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதை நிதானமாகச் சொல்கிறேன்.

பார்வைப் புறணி ஒரே தளம் கிடையாது, பல பகுதிகள். முதல் பகுதிக்கு வி1 என்று பெயர், அங்கே ஒரு நியூரானின் ஜன்னல், அதாவது அது பார்த்துக்கொள்ளும் இடம், மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி, பார்வையின் நடுப்பகுதியைக் கவனிக்கும் வி1 நியூரானின் ஜன்னல் அதைவிடச் சின்னது. மேலே போகப் போக ஜன்னல் பெரிதாகிக்கொண்டே போகும். நிறத்தையும் வடிவத்தையும் கையாளும் வி4 என்ற பகுதிக்கு வரும்போது ஒரே ஜன்னலுக்குள் இரண்டு மூன்று பொருட்கள் தாராளமாக இருக்கலாம். அப்போது ஒரு சிக்கல் வருகிறது. இருப்பது ஒரு நியூரான், அதன் ஜன்னலில் இரண்டு பொருள், அது எதைப் பற்றிப் பேசும்?

இதைத்தான் அவர்கள் சோதித்தார்கள். ஒரு வி4 நியூரான், அதற்குச் சிவப்புப் பட்டை என்றால் பிடிக்கும், பச்சைப் பட்டைக்கு அசையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அதன் ஜன்னலுக்குள் காட்டுகிறார்கள். குரங்கு நடுவில் ஒரு புள்ளியையே வெறித்துப் பார்க்க வேண்டும், கண் அசையக் கூடாது. ஆனால் கவனம் மட்டும் சிவப்பு இருக்கும் இடத்திலோ பச்சை இருக்கும் இடத்திலோ இருக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். (கண் ஓரிடம், கவனம் வேறிடம் என்பது விசித்திரமாகத் தெரியலாம். வகுப்பில் என் கண் புத்தகத்தில் இருக்கும்போதே கடைசி பெஞ்சில் யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருட்டுப் பெட்டிக்குள் மின்பொறி அடித்து, கண்ணை ஒரு துளையின் மேல் நிறுத்திவைத்துக்கொண்டே, முன்கூட்டிக் கவனத்தை வைத்த பக்கத்து எழுத்துகளை மட்டும் தன்னால் படிக்க முடிகிறது என்று கண்டுபிடித்திருந்தார்.)

குரங்கு சிவப்பைக் கவனித்தபோது நியூரான் நன்றாகத் துடித்தது. பச்சையைக் கவனித்தபோது துடிப்பு பாதிக்கும் கீழே போனது. விழித்திரையில் விழுந்த படம் இரண்டு தடவையும் ஒன்றேதான். அதே சிவப்புப் பட்டை, அதே இடம், அதே வெளிச்சம். மாறியது குரங்கின் மனதில் இருந்த ஒன்று மட்டும். ஜன்னலே சுருங்கி, கவனித்த பொருளை மட்டும் அணைத்துக்கொண்டது போல. கவனிக்காத பொருளை ஜன்னலுக்கு வெளியே தள்ளி வைத்தபோது இந்த விளைவு அநேகமாகக் காணவில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அதாவது ஒரே ஜன்னலுக்குள் இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போதுதான் கவனத்துக்கு அதிக வேலை.

பத்து வருடம் கழித்து, 1995-இல், டெசிமோனும் ஜான் டங்கனும் இதைப் போட்டி என்று எழுதினார்கள். பார்வை வெளியில் இருக்கும் பொருட்கள் எல்லாம் நியூரான்களின் துடிப்புக்காக ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன, ஒன்று எழும்பினால் மற்றது அமுங்கும், கவனம் என்பது ஒரு பக்கத்துக்குச் சாதகமாகத் தராசை லேசாக அழுத்துவது. இதைப் படித்ததும் டாக்டரின் இரண்டு விரல்கள் கண்முன் வந்தன. இடது விரல் தனியாக இருந்தால் போட்டியே இல்லை, தெரிந்துவிடுகிறது. வலது விரல் வந்ததும் போட்டி, தராசோ ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அப்பா அலட்சியமாக இல்லை, அவருடைய இடது பக்கம் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருக்கிறது. இதை அம்மாவிடம் தராசு உதாரணத்தோடு சொன்னேன், மளிகைக்கடைத் தராசில் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி என்று. புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன், அதற்குப் பிறகு "வேணும்னே" என்ற சொல் வீட்டில் வரவில்லை.

இடத்தை மட்டும்தான் கவனிக்க முடியும் என்றில்லை. ஸ்டெஃபான் ட்ரோய்யும் ஹூலியோ மார்டினெஸ் ட்ருஹியோவும் 1999-இல் அசைவைக் கையாளும் எம்டி என்ற பகுதியில் ஒன்றைப் பார்த்தார்கள். குரங்கு பார்வையின் ஒரு பக்கத்தில் மேல்நோக்கி நகரும் புள்ளிகளைக் கவனித்தால், மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், மேல்நோக்கிய அசைவை விரும்பும் நியூரான்களின் துடிப்பும் கூடுகிறது. கவனம் ஒரு குணத்தின் மேல் விழுந்தால் அந்தக் குணத்தைத் தேடும் நியூரான்கள் பார்வை வெளி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகின்றன. கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்ட பிள்ளையைத் தேடும்போது சிவப்பாக இருப்பதெல்லாம் கண்ணில் வந்து விழுகிறதே, அது. அப்பா ஒரு காலத்தில் சொல்லுவார், கட்டாக இருக்கிற கடிதங்களை விரலால் தள்ளும்போது 62-இல் ஆரம்பிக்கிறது தானாக எழுந்து வரும், மற்றது எழுத்தாகவே தெரியாது என்று. ரயில் சத்தத்துக்கு நடுவே அவருடைய வி4-இல் என்ன நடந்திருக்கும் என்று இப்போது கற்பனை செய்து பார்க்கிறேன்.

இன்னொரு ஆராய்ச்சியைச் சொல்லாமல் விட மனசில்லை, ஏனென்றால் நானும் கவனம் என்றால் நியூரான் சத்தமாகப் பேசுவது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். சத்தம் கூடுவது உண்மைதான், ஆனால் வி4-இல் அது சராசரியாகப் பார்த்தால் மிதமானதுதான், வி1-இல் இன்னும் குறைவு. மார்லின் கோஹனும் ஜான் மான்செலும் 2009-இல் வி4-இல் ஒரே நேரத்தில் பல நியூரான்களைப் பதிவு செய்து வேறொன்றைக் கண்டார்கள், அதே வருடம் வேறொரு குழுவும் அதையே கண்டது. நியூரான்களின் துடிப்பில் எப்போதும் காரணமில்லாத ஏற்ற இறக்கம் இருக்கும், அந்த ஏற்ற இறக்கத்தில் பக்கத்து நியூரான்கள் ஓரளவு சேர்ந்தே ஆடும். இதில் என்ன கெடுதல்? பரீட்சை மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் தனித்தனியாக ஒரு கணக்கைப் போட்டால், ஒவ்வொருவரும் கொஞ்சம் தப்புப் போட்டாலும் எல்லா விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் சரியானது தெரிந்துவிடும். 40 பேரும் ஒருவனைப் பார்த்துக் காப்பி அடித்தால் 40 தாள் திருத்தியும் பயனில்லை, ஒரே தப்புதான் 40 தடவை இருக்கும். கவனம் வந்தால் இந்தக் காப்பி குறைகிறது. கவனத்தால் அந்த நியூரான் கூட்டத்துக்குக் கிடைக்கும் முன்னேற்றத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இதனால்தான் வருகிறது என்று கோஹனும் மான்செலும் கணக்கிட்டார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பார்வைப் புறணிக்குக் கவனம் தருவது உரத்த குரலை மட்டும் அல்ல, தனித்தனியாக யோசிக்கும் சுதந்திரத்தையும்.

சரி, தராசை அழுத்தும் கை யாருடையது? 2003-இல் டிரின் மூரும் கேத்தரின் ஆர்ம்ஸ்ட்ராங்கும் செய்தது மிக நேர்த்தியான சோதனை. நெற்றிக் கதுப்பில் கண் அசைவைக் கட்டளையிடும் ஒரு பகுதி இருக்கிறது, அங்கே நல்ல மின்சாரம் கொடுத்தால் கண் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தாவும். இவர்கள் கண் அசையாத அளவுக்கு மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்தார்கள். கண் தாவவில்லை. ஆனால் கண் தாவியிருந்தால் எங்கே போயிருக்குமோ, சரியாக அந்த இடத்தைப் பார்க்கும் வி4 நியூரான் தன் ஜன்னலில் இருந்த படத்துக்கு இன்னும் பலமாகத் துடித்தது. கண்ணை அனுப்பும் இடமும் கவனத்தை அனுப்பும் இடமும் அக்கம்பக்க வீடுகள்! கவனத்தின் விளைவு பார்வைப் பகுதிகளில் தலைகீழாக இறங்குகிறது என்பதும் 2010-இல் தெரிந்தது, வி4-இல் முதலில், அதிகமாக, பிறகு வி2, கடைசியாக, குறைவாக, வி1. நான் கரும்பலகையில் போட்ட அம்புக்குறிகளுக்கு எதிர்த் திசையில் இன்னொரு வரிசை அம்புகள் போட வேண்டும், இந்த வருடத்திலிருந்து போடுகிறேன்.

அப்பாவுக்கு அடிபட்டது கவனத்தை நடத்தும் இன்னொரு வட்டாரத்தில். காதுக்கு மேலே, கொஞ்சம் பின்பக்கமாக, வலதுபுறம். பின்மண்டை தப்பித்துவிட்டது. அவரைப் போன்ற ஒரு நோயாளியை லண்டனில் ஜெரெயின்ட் ரீஸ் குழுவினர் ஸ்கேனுக்குள் வைத்துப் பார்த்து 2000-இல் எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகப் படம் காட்டியபோது இடது படத்தை அவர் பார்க்கவே இல்லை என்கிறார், ஆனால் இடப்பக்கத்தைப் பார்க்கும் அவருடைய வலது பார்வைப் புறணி அந்தப் படத்துக்குத் துடித்துக்கொண்டிருந்தது. ஊறுகாய் அப்பாவின் மூளைக்குள் போயிருக்கிறது. பாதி வழி வரை வந்திருக்கிறது.

1988-இல் ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் பதிவு செய்த ஒரு பெண்மணியின் கதை இதைவிட உருக்கமானது. இரண்டு வீட்டுப் படங்களை மேலும் கீழுமாகக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீப்பிடித்து எரிகிறது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டால், இது என்ன கேள்வி என்று சொல்லிவிட்டு, பெரும்பாலான தடவை எரியாத வீட்டைக் காட்டினார்.

மிலான் நகரில் பிசியாக்கும் லுட்சாட்டியும் 1978-இல் செய்ததை நான் அப்பாவிடமே செய்து பார்த்தேன். அவர்கள் தங்கள் நோயாளிகளை, கதீட்ரல் முன்னால் இருக்கும் சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். நோயாளிகள் வலப்பக்கம் இருப்பதை மட்டும் சொன்னார்கள். எதிர்ப்பக்கம் போய் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னதும், முன்பு விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை மறைந்தன. நினைவிலும் இடது பக்கம் இல்லை. நான் அப்பாவை, நம் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை போகிறதாக நினைத்துக்கொண்டு கடைகளைச் சொல்லுங்கள் என்றேன், பயந்துகொண்டேதான் கேட்டேன். டெய்லர், மாவு மில், ஜெராக்ஸ் கடை, எதிர்வரிசையில் மெடிக்கல், பழைய பேப்பர் கடை என்று இரண்டு பக்கத்தையும் வரிசை தப்பாமல் சொல்லிவிட்டார். அவருடைய உள்தெரு முழுசாக இருக்கிறது. எல்லாருக்கும் இது ஒரே மாதிரி வருவதில்லை. அன்று நான் அடைந்த சந்தோஷத்தை எழுத வார்த்தை இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பார்வைப் புறணியின் துடிப்பு கூடுவதுதான் கவனம் என்று முடித்துவிட முடியாது. அலெக்ஸாண்டர் சேனோனும் ரிச்சர்ட் க்ராஸ்லிஸும் 2012-இல், நடுமூளையில் இருக்கும் சுப்பீரியர் காலிக்குலஸ் என்ற சின்ன மேட்டை மருந்து கொடுத்துத் தற்காலிகமாக உறங்கவைத்தார்கள். அந்த மேடு பார்த்துக்கொள்ளும் பக்கத்தைக் குரங்கால் கவனிக்க முடியாமல் போனது. ஆனால் அசைவைப் பார்க்கும் புறணி நியூரான்களில் கவனத்தின் அடையாளம் அப்படியே இருந்தது! புறணி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, ஆனாலும் செய்தி போய்ச் சேரவில்லை. எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது என்ற முடிவில் புறணிக்குக் கீழே இருக்கும் மிகப் பழைய உறுப்புக்கும் பங்கு இருக்கிறது. இந்தத் துறையில் இன்னும் சண்டை ஓயவில்லை, ஓயாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை மண்டையில் மின்முனையோடு ஒரு புள்ளியை வெறித்துக்கொண்டிருந்த குரங்குகள். அவற்றை நினைக்காமல் இந்த விஷயத்தை என்னால் படிக்க முடியவில்லை.

வீட்டில் சிலதை மாற்றினோம். "கவனமா பாருங்க" என்று சொல்வதை நிறுத்தினோம், சொன்னால் அதை ஏற்று நடத்த வேண்டிய இடத்தில்தானே அடிபட்டிருக்கிறது. தட்டின் இடது ஓரத்தில் பட்டையாகச் சிவப்பு டேப் ஒட்டினேன், சிவப்பு தெரிகிற வரை தலையைத் திருப்ப வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லித்தருபவர் பழக்கினார். பேப்பர் படிக்கும்போதும் இடது மார்ஜினில் ஒரு சிவப்புக் கோடு. வலப்பக்கம் இருந்த டிவியை, அவர் சாப்பிடும் நேரத்தில் அணைத்துவிடுவோம், வலப்பக்கம் போட்டியாளர் குறைந்தால் இடதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு. தங்கை ஊரிலிருந்து வந்தால் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவாள், முதலில் தோளைத் தொட்டுவிட்டு.

புரட்டாசி மகாளய அமாவாசை அன்று மறுபடியும் இலை போட்டோம். டேப் ஒட்ட இலையில் முடியாது, என்ன செய்யலாம் என்று நானும் அம்மாவும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வலது கையை இலையின் அடிப்பக்க ஓரமாக வைத்து இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். மெதுவாக, ஓரத்தை விடாமல், தலையும் கூடவே திரும்ப. விரல் நுனியைத் தொட்டதும் நின்றது.

"நுனி வந்துருச்சு" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எலுமிச்சங்காயா? மாங்கா தீர்ந்துபோச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார்.